ஏழாம் அத்தியாயம்: முதலில் மறுப்பு, பிறகு சம்மதம்

(அறிவுசார் குறைபாடுடையோரிடையே ஆராய்ச்சி செய்யப் புறப்படுவோர்க்கு)

சிறப்புப் பள்ளிக்கோ, தொழிற்பயிற்சிக் கூடத்துக்கோ, ஹோமுக்கோ முதன்முறையாக ஆராய்ச்சியின் பொருட்டுச் செல்லும் மாணவர், தாம் முதலில் பெறவேண்டியது சம்மதம் என்று கருதி, அதற்கான படிவங்களைக் கட்டாக எடுத்துக்கொண்டே புறப்படுகிறார். ஆனால் ‘சொன்னபடி கேட்கிற பிள்ளை’ என்று பெயர் வாங்குவதையே தமக்குக் கிட்டக்கூடிய ஒரே கௌரவமாகக் கொண்டு, இருபது முப்பது வருஷங்களைப் பிறர் உத்தரவிலேயே கழித்துவிட்ட ஒருவரிடமிருந்து ‘சரி’ என்ற வார்த்தையைப் பெறுவதைக் காட்டிலும் சுலபமான காரியம் வேறு இல்லை. அவ்வளவு சுலபமாகக் கிடைத்த சம்மதத்துக்கு மதிப்பும் இல்லை. ஆகவே இந்த அத்தியாயம் மற்ற நூல்களின் வரிசையைச் சற்று மாற்றியே சொல்லப்போகிறது. மறுப்பதற்கு வழி செய்துகொடுப்பது முதல் வேலை. சம்மதம் கேட்பது அதற்கப்பால்.

டவுன் சிண்ட்ரோம் முதலிய காரணங்களால் அறிவு வளர்ச்சியில் தாமதமுற்றவர்களையும், பெரியவர்களானபின்னும் அன்றாட விவகாரங்களில் பிறர் துணையை நாடுபவர்களையுமே இங்கே மனத்தில் கொண்டிருக்கிறோம். டிஸ்லெக்சியா போன்று வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும் சிரமம் உடைய மாணவர்களிடையே ஆராய்ச்சி செய்வோர்க்கு இதில் பாதி தேவைப்படாது.

எச்சரிக்கைக்காக இரண்டு சம்பவங்கள்

தத்துவ விசாரத்துக்கு இங்கே இடமில்லை. நடந்த இரண்டைச் சொன்னால் போதும். அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் மாநிலத்து ஃபெர்னால்டு விடுதிப் பள்ளியில், 1940களின் பிற்பகுதி தொடங்கிச் சில ஆண்டுகள், ‘சயன்ஸ் கிளப்’ என்ற கவர்ச்சியான பெயரில் சேர்க்கப்பட்ட சிறுவர்களுக்கு, கதிரியக்க இரும்பும் கால்சியமும் கலந்த ஓட்ஸ் கஞ்சியையும் பாலையும் கொடுத்து, சத்து உடம்பில் சேரும் விதத்தைப் பரிசோதித்தார்கள். பெற்றோருக்குச் சென்ற கடிதங்களில் கதிரியக்கம் என்ற பேச்சே இல்லை; பேஸ்பால் ஆட்டம் பார்க்க அழைத்துப்போவது போன்ற சலுகைகளால் பிள்ளைகள் மகிழ்விக்கப்பட்டார்கள். அந்தப் பரிசோதனையில் பங்குகொண்ட எம்.ஐ.டி.யும் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனியும் நஷ்டஈடாக 18.5 லட்சம் டாலர் தர உடன்பட்டது 1998இல்தான். நியூயார்க்கின் வில்லோபுரூக் பள்ளியிலோ, 1956 முதல் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சட்காமாலைக் கிருமியைச் செலுத்தி ஆராய்ந்தார்கள். இடநெருக்கடியால் பள்ளியின் பொது வார்டுகளில் அனுமதி நிறுத்தப்பட்டிருந்த ஒரு சமயத்தில், ஆராய்ச்சி வார்டு ஒன்றே திறந்திருந்தது. போக்கிடம் இல்லாத தாய் தந்தையர் என்ன செய்வார்கள்?

இரண்டு இடங்களிலும் பெற்றோருக்குக் கடிதம் போகத்தான் செய்தது. காகிதம் ஒழுங்காக இருந்துவிட்டால் தர்மமும் ஒழுங்காக இருந்துவிடும் என்ற நம்பிக்கையை மாணவர் இந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே செல்வது நலம்.

புறப்படுமுன்

1. உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, ‘இதற்கு விடை காண இவர்களையே தொந்தரவு செய்யவேண்டுமா?’ என்று கேட்டுப்பாருங்கள். 1964இல் முதலில் ஏற்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பெற்ற ஹெல்சிங்கிப் பிரகடனமும் இதையே வற்புறுத்துகிறது: எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களை அவர்களுடைய தேவைக்குரிய ஆராய்ச்சியில் மட்டுமே, அதுவும் பிறரைக் கொண்டு செய்ய முடியாதபோது மட்டுமே, சேர்க்கலாம். பக்கத்துக் கல்லூரி மாணவர்களைக் கொண்டே உங்கள் ஆராய்ச்சி நடந்துவிடுமானால் அங்கே போங்கள்.

2. கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியிடம் விண்ணப்பியுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் ஆறாம் பிரிவில், சம்பந்தப்பட்டவருக்கு விளங்கும் முறையில் கேட்டுப் பெற்ற சுதந்திரமான சம்மதமும், அரசு அமைக்கும் மாற்றுத்திறன் ஆராய்ச்சிக் கமிட்டியின் முன்அனுமதியும் இல்லாமல் எந்த மாற்றுத்திறனாளியையும் ஆராய்ச்சிக்கு உட்படுத்தலாகாது என்று கூறுகிறது. அக்கமிட்டியில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுடைய பதிவுபெற்ற சங்கங்களைச் சார்ந்தவர்களாகவோ இருக்கவேண்டும் என்பதும் விதி. கல்லூரிக் கமிட்டியின் முத்திரை இதற்கு ஈடாகாது. பல வழிகாட்டிப் பேராசிரியர்களுக்கே இந்தப் பிரிவு புதிய சமாசாரமாக இருப்பதால், சட்டத்தின் பிரதியைக் கையோடு கொண்டுபோய்ப் பேசுவது உத்தமம்.

3. பள்ளித் தலைமையாசிரியையிடமோ ஹோம் நிர்வாகியிடமோ எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். அது கதவைத் திறந்துவிடும் அனுமதி மட்டுமே. உள்ளே இருக்கும் ஒருவர் சார்பிலும் அனுமதி தந்தவர் சம்மதம் சொல்லிவிட முடியாது.

4. பங்கேற்பவர் சிறுவரா, பதினெட்டு நிறைந்தவரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சிறுவரானால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பெற்றோரின் சம்மதத்தோடு, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் கேட்கவேண்டும். பதினெட்டு நிறைந்துவிட்டவருக்குத் தாய் தந்தையர் தாமாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் உள்ளூர் நிலைக் குழுவோ, நீதிமன்றம் போன்ற உரிய அதிகாரியோ நியமித்தாலன்றி அவர்கள் தாயும் தந்தையுமே. ஆதலால் முப்பத்தைந்து வயது மனிதரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே அவருடைய தாயாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவது, வழக்கமாகிவிட்ட காரியமேயொழிய முறையான காரியம் அன்று. தாயாரிடம் பேசத்தான் வேண்டும். அவருடைய யோசனையும் வேண்டும். அது மகனிடம் கேட்பதற்குப் பதில் ஆகாது.

குறிப்பு: ‘எனக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பார்கள்?’ என்ற கவலை ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கும் பெற்றோர், பையும் படிவமுமாக வந்து நிற்கும் உங்களை அரசாங்கத்து ஆள் என்றே எண்ணிக்கொள்ளக்கூடும். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அடையாள அட்டைக்கும் உங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதையும், மறுத்தால் அவை நின்றுபோகா என்பதையும், அவர்கள் கேட்பதற்கு முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

தகவல் தாள்

5. வரிக்கு ஒரு வாக்கியம், வாக்கியத்துக்கு ஒரு படம் என்ற முறையில் பெரிய எழுத்தில் தயாரியுங்கள். படம் அந்த இடத்துப் படமாகவே இருக்கட்டும். வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த வட்டமுகப் பொம்மைகள் பலருக்கு எதையும் உணர்த்துவதில்லை. மாதிரி இது:

என் பெயர் ______. இது என் போட்டோ.
நான் காலேஜில் படிக்கிறேன். நான் உங்கள் டீச்சர் இல்லை.
நீங்கள் செய்யும் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன்.
மூன்று தடவை வருவேன். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் பேசுவோம்.
நாம் பேசுவது போனில் பதிவாகும்.
பேச இஷ்டம் இல்லையா? ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். யாரும் திட்டமாட்டார்கள்.
நடுவில் நிறுத்தலாம். காரணம் சொல்லவேண்டாம்.
யாராவது உங்களை அடிக்கிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள் என்று சொன்னால், அதை நான் ரகசியமாக வைக்கமாட்டேன். உதவி கேட்பேன்.

6. ‘யாரும் திட்டமாட்டார்கள்’ என்ற வரியை அச்சிடுமுன் வார்டனிடம் பேசுங்கள். அது உங்கள் கையில் இல்லாத வாக்குறுதி. மாலையில் நீங்கள் பஸ் ஏறிப் போனபின் அங்கே நடப்பதற்கு ஜவாப்தாரி அவர். அவர் ஒப்பாவிட்டால் அந்த வரியை அடிப்பதற்குப் பதிலாக, அந்த இடத்தையே உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது மேல்.

மறுக்கப் பழக்குதல்

இந்தப் பகுதியில் அவசரம் கூடாது. கூடுமானால் முதல் இரண்டு வருகைகளை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஒலிப்பதிவுக் கருவி வெளியே வரவேண்டாம்.

7. பெரியவர்களைப் பெரியவர்களாக விளியுங்கள். நாற்பது வயது மனிதரை ‘பையன்’ என்றும், நரை கண்ட அம்மையாரைச் ‘செல்லம்’, ‘பட்டுக்குட்டி’ என்றும் கொஞ்சுவது அங்கேயுள்ள வழக்கமாக இருக்கலாம். நீங்கள் அதைக் கடைப்பிடிக்கவேண்டியதில்லை. ‘அக்கா’, ‘அண்ணா’, ‘நீங்கள்’ என்ற சொற்களுக்கு ஒரு பலன் உண்டு: குழந்தையாக நடத்தப்படுபவர் குழந்தைக்குரிய கீழ்ப்படிதலையே திருப்பித் தருகிறார்.

8. பச்சையும் சிவப்பும் ஆக இரண்டு அட்டைகளை அவர் கையிலேயே கொடுங்கள். அவற்றை அற்ப விஷயங்களில் பழக்குங்கள். ‘உங்கள் பையைப் போட்டோ எடுக்கலாமா?’ என்று கேளுங்கள். சிவப்பு அட்டை எழுந்தால், ஏன் என்று கேளாமல், முகம் வாடாமல், போனை அவர் கண்முன்னேயே பைக்குள் வைத்து மூடுங்கள். தம்முடைய மறுப்பு ஒரு படித்த மனிதரின் கையைத் தடுத்து நிறுத்திவிட்டதை அவர் ஒரு முறை பார்ப்பது, நீங்கள் பத்து முறை வாயால் விளக்குவதற்குச் சமானம். சிலர் உங்களைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காகவே அட்டையைத் திரும்பத் திரும்பத் தூக்குவார்கள், சந்தோஷப்படுங்கள்.

9. பக்கத்தில் நிற்பவர்களைக் கவனியுங்கள். ‘சொல்லேண்டா, மிஸ் எவ்வளவு தூரத்திலேயிருந்து வந்திருக்காங்க’ என்று அன்போடு ஒரு ஆயா சொல்லும் ஒரு வாக்கியம் உங்கள் இரண்டு வருகைகளின் உழைப்பையும் அழித்துவிடப் போதுமானது. அவரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசுங்கள். அவரைக் கடிந்துகொள்வது பாவம், அவர் விருந்தோம்பல் செய்வதாகவே நினைக்கிறார்.

10. பேச்சு வராதவர்களுக்கு, தாயாரையும் ஆசிரியையையும் வைத்துக்கொண்டு ஒரு மறுப்புக் குறிப்பு எழுதுங்கள். சலிப்பு வந்தால் என்ன செய்வார், பயந்தால் என்ன செய்வார், போதும் என்றால் எப்படித் தெரிவிப்பார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒருவர் துண்டின் நுனியைக் கடிப்பார். ஒருவர் செருப்பைத் தேடுவார். இன்னொருவர் நீங்கள் பேசும்போதே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் குறிப்பை உங்கள் கேள்வித் தாளின் மேலேயே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். செருப்பைத் தேடுபவரை உட்காரவைத்து இன்னும் ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது.

சம்மதம் கேட்டல்

11. தாளைப் படித்துக் காட்டியபின் ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். விடை ‘புரிஞ்சுது மிஸ்’ என்பதுதான், வேறு விடை வராது. தாளை மூடிவைத்துவிட்டு, ‘நான் எதற்கு வந்திருக்கிறேன்?’, ‘எத்தனை தடவை வருவேன்?’, ‘பேசப் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை வராவிட்டால் எட்டாம் படிக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

12. அன்றே பதில் வாங்காதீர்கள். தாளை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். நம்பிக்கையான ஒருவரோடு பேசிப்பார்க்கட்டும்.

13. கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, உங்கள் ஆராய்ச்சியில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி அருகில் இருக்கவேண்டும்.

14. ஒவ்வொரு வருகையின் தொடக்கத்திலும் மறுபடியும் கேளுங்கள். சென்ற வாரத்துச் சம்மதம் சென்ற வாரத்துக்கு.

குறிப்பு: பஸ் சார்ஜும், வேலை கெட்ட நேரத்துக்கான கூலியும் கொடுப்பதில் தவறில்லை. அதைப் பங்கேற்றவர் கையிலேயே கொடுங்கள், நிர்வாகி கையில் அன்று. நடுவில் நிறுத்திக்கொண்டவருக்கும் குறைக்காமல் கொடுங்கள். ஃபெர்னால்டின் பேஸ்பால் ஆட்டத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், ‘எல்லோரையும் பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன்’ என்று ஆசை காட்டத் தோன்றாது.

பேட்டியின்போது

கேள்வி கேட்கும் முறையிலும் இந்த ‘ஆமாம்’ உங்களைத் தொடர்ந்து வரும். 1981இல் அமெரிக்காவில் கரோல் சீகல்மனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி, இத்தகையோர் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கேள்விகளுக்கும் ‘ஆமாம்’ என்று விடையளிக்கும் போக்கை எடுத்துக்காட்டிற்று. கவர் ஒட்டும் கூடம் ஒன்றில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

‘இங்கே வேலை பிடிச்சிருக்கா அக்கா?’

‘பிடிச்சிருக்கு மிஸ்.’

‘வீட்டிலேயே இருந்துடலாம்னு தோணுமா?’

‘தோணும் மிஸ்.’

இதை வைத்துக்கொண்டு அட்டவணை போடும் ஆராய்ச்சியாளர் எதை நிரூபிக்கப்போகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. கேள்வியை மாற்றிப்பாருங்கள்.

‘நேத்து காலையிலே வந்ததும் என்ன செஞ்சீங்க?’

‘பசை காய்ச்சினேன்.’

‘அப்புறம்?’

‘கட்டியாயிடுச்சு. சூப்பர்வைசர் கத்தினாங்க. நான் பாத்ரூமுக்குப் போயிட்டேன்.’

வேலை பிடிக்குமா என்ற கேள்விக்கு இதுதான் விடை.

15. ஆமாம்-இல்லை என்று முடியும் கேள்விகளைத் தவிர்த்து, நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். நேற்று, இன்று காலை, தீபாவளியன்று என்று பிடித்துக்கொள்ள ஒரு நாளைக் கொடுங்கள். ‘பொதுவாக’, ‘எவ்வளவு அடிக்கடி’ என்பவை பலருக்குப் பிடிபடுவதில்லை.

16. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதானால் படங்களை வைத்துக் கேளுங்கள்; சிறிது நேரம் கழித்து, படங்களை இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் வலப்பக்கத்தையே தொட்டால் அது அபிப்பிராயம் அன்று.

17. மௌனத்தைப் பொறுங்கள். விடை வர நேரம் ஆகும்; நீங்கள் பொறுமை இழந்து உதவிக்கு எடுத்துக்கொடுக்கும் சொல்லே விடையாக வந்துவிடும்.

18. தாயாரோ ஆசிரியையோ உடன் இருக்கவேண்டுமா என்பதை அவரையே கேளுங்கள். உடன் இருந்தால் அவர்கள் சொல்வதை வேறு நிற மையில் எழுதுங்கள். அம்மாவின் அபிப்பிராயம் மகளின் அபிப்பிராயமாக அச்சேறிவிடுவது இத்துறையில் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

தீங்கு தெரியவந்தால்

இதற்கான ஏற்பாட்டைப் பேட்டி தொடங்குமுன்பே காகிதத்தில் எழுதி, வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒப்பம் வாங்கியிருக்கவேண்டும். அந்த நேரத்தில் யோசித்துக்கொள்ளலாம் என்பது பலிக்காது.

19. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரிடம் பாலியல் அத்துமீறல் நடந்திருப்பதாக அறிந்தால், போக்ஸோ சட்டம், 2012, பத்தொன்பதாம் பிரிவின்படி போலீசுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆராய்ச்சி ரகசியம் என்ற சமாதானம் அங்கே செல்லாது. வயது என்பது உடலின் வயதே, மனத்தின் வயது அன்று என்று சுப்ரீம் கோர்ட் 2017இல் தீர்ப்பளித்திருப்பதால், பெரியவர்களின் விஷயத்தில் இச்சட்டத்தை நாட இயலாது. அவர்களுக்கு, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவின்படி, கொடுமை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் தெரிவிக்கலாம்.

20. துருவித் துருவிக் கேட்காதீர்கள். நீங்கள் புலன்விசாரணை அதிகாரி அல்ல. அடுக்கடுக்காகக் கேட்கும் கேள்விகள் பின்னால் வழக்கையே பலவீனப்படுத்தலாம். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘சொன்னது நல்லது’ என்று சொல்லுங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் அவரிடமே தெரிவியுங்கள்.

21. குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்கும் சாத்தியத்தை மறவாதீர்கள். நேரே நிர்வாகியின் அறைக்குச் சென்று விஷயத்தைப் போட்டு உடைப்பவர், அதைத் தம்மிடம் சொன்னவர் அன்றிரவு அதே கட்டடத்தில்தான் படுக்கப்போகிறார் என்பதை யோசிப்பதில்லை. முதலில் வழிகாட்டிக்கும், சிறுவரானால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் போன் செய்யுங்கள்.

பெயரும் படமும்

22. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஒரு சிற்றூரில் டீக்கடையில் வேலை செய்யும் டவுன் சிண்ட்ரோம் உடைய இளைஞர் என்று எழுதிவிட்டால், அந்தத் தாலுகாவில் அவரை அறியாதவர் இருக்கமாட்டார்கள். ஊரை, தொழிலை, உறவை மாற்றுங்கள். ஆராய்ச்சிக்கு அவை அவசியமானால் அவரிடமே கேளுங்கள். சிலர் தம் சொந்தப் பெயரிலேயே அச்சேற ஆசைப்படுவதும் உண்டு. அதைக் கமிட்டியிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

23. பேட்டிப் படங்களைப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி ஆசிரியைகள் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

முடித்துக்கொள்ளுதல்

24. பார்க்க வருவோர் அரிதாக உள்ளவர்களுக்கு நீங்கள் சிநேகிதராகிவிடுவீர்கள். அந்தச் சிநேகத்தால்தான் உங்களுக்குத் தகவலும் கிடைத்தது. ஆகவே முதல் நாளிலேயே ஒரு காலண்டர்த் தாளைக் கொடுத்து, வரும் நாட்களில் வட்டம் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு வட்டத்தை அவரே அடித்துவிடச் சொல்லுங்கள். கடைசி வட்டத்துக்கு முந்தினதில், ‘இன்னும் ஒரு தடவைதான்’ என்று சொல்லுங்கள். ‘அடிக்கடி வருவேன்’ என்ற உபசார வார்த்தையைச் சொல்லாதீர்கள்; அவர் அதை உபசாரமாக எடுத்துக்கொள்ளாமல் வாசலில் காத்திருப்பார்.

25. போன் நம்பர் கொடுப்பதா இல்லையா என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். கொடுத்தால் எடுக்கவேண்டும்.

26. ஆராய்ச்சி முடிவை ஒரே பக்கத்தில், தகவல் தாளைப் போலவே படங்களோடு எழுதி, நேரில் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்று யாராவது சொன்னால், ஆய்வேடு கட்டுக்குப் போய்விட்டது என்று சாக்குச் சொல்லாதபடி, கட்டுக்கு அனுப்புமுன் இதைச் செய்வது அவசியம்.

27. ஒலிப்பதிவுகளைக் கமிட்டி விதித்த காலம் முடிந்ததும் அழித்துவிட்டு, அழித்த தேதியை எழுத்து மூலம் கமிட்டிக்கும் பங்கேற்றவருக்கும் தெரிவியுங்கள். பங்கேற்றவருக்கு அனுப்பும் தாளில் உங்கள் போட்டோ மறுபடியும் இருக்கட்டும், யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவேண்டும்.